ஆள்வினையும் திருவருளும்

மக்கட் பிறப்பெய்தினார் யாவரும் தாம் மேற்கொண்ட வினை இனிது முடிதலையே விரும்புவர். கற்பார் கல்வி முற்றுதலையும், வணிகர் ஊதியம் பெருகுதலையும், உழவர் விளைவு மிகுதலையும், இல்லறத்தார் மனையும் மக்களும் மாண்புறுதலையும் விழைதல் இயல்பே. இவ்விழைவு குற்றமுடையதென்று நம் நூல்கள் யாண்டும் கூறிற்றில. பொருளும் இன்பமும் அறத்தோடும் வீட்டோடும் ஒருங்கு வைத்து உறுதிப்பொருளாக எண்ணப்பட்டமையின், அவற்றை நெறியால் ஈட்டுதல் சைவர்க்கும் உடன்பாடேயாம். ஆயின், எடுத்த வினை முடிதற்குக் காரணம் யாது என்னும் வினாவிலேதான் கருத்து வேறுபாடு எழுகின்றது.

எல்லாம் ஊழே என்பார் ஒருசாரார். எல்லாம் நம் முயற்சியே என்பார் மற்றொரு சாரார். உள்ளத்தில் உறுதியாக நினைத்தலே அமையும், நினைத்த பொருள் தானே வந்தெய்தும் என்பார் பிறிதொரு சாரார். இம்மூன்றாங் கூற்று இக்காலத்துத் தன்னம்பிக்கை நூல்களிற் பெரிதும் பயில்வது. முதலாவது கொள்கை மக்களை மடியுடையராக்கும். இரண்டாவது, வினை முடிந்தவழிச் செருக்கினையும் முடியாதவழி நெஞ்சுடைதலையும் தரும். மூன்றாவது கையை வாளா இருக்கச் செய்வதோடு, துன்பமுற்றானை நோக்கி, 'நின் நினைவிலே குறையிருந்தது' என்று பழிக்கவும் இடந்தரும். இம்மூன்றனுள் எதனையும் சித்தாந்தம் முழுவதும் உடன்படுவதில்லை. எதனையும் முழுவதும் தள்ளுவதுமில்லை. அது கொள்ளும் நெறி யாதென்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஊழும் ஆள்வினையும் முரணுமோ?

திருவள்ளுவனார் அறத்துப்பாலின் இறுதியில் ஊழ் என்னும் அதிகாரத்தை வைத்து, அதனினும் வலியது பிறிதில்லை என்னுங் கருத்தை நாட்டினார். பின்னர்ப் பொருட்பாலில், ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், தளராது முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்னும் பொருள்படவும், தெய்வத்தால் ஆகாதவிடத்தும் முயற்சி தன் மெய்வருத்தத்திற்கேற்ற கூலியைத் தரும் என்னும் பொருள்படவும் அருளினார். இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றுதலின், ஆசிரியர் தம்முள் மாறுகொளக் கூறினாரென மயங்குவாரும் உளர்.

அம்மயக்கம் தீர்தற்கு ஊழதிகாரத்தின் முதற்குறளே போதியது. கைப்பொருள் ஆதற்குக் காரணமாகிய ஊழ் வந்துழி ஒருவன்பால் முயற்சி தோன்றும். அது போதற்குக் காரணமாகிய ஊழ் வந்துழி மடி தோன்றும் என்பது அதன் கருத்து. இதனை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். ஊழ் என்பது முயற்சிக்கு எதிரே நின்று அதனைத் தடுக்கும் சுவரன்று. முயற்சியின் வாயிலாகவே அது தன்னைப் புலப்படுத்துகின்றது. தனக்கு ஆகூழ் உளதோ போகூழ் உளதோ என்று அறிய விழைவான் கணியனை நாடிச் செல்லுதல் வேண்டா. தன் கை தொழிலின்கண் நிற்கின்றதோ, சோம்பி மடங்குகின்றதோ என்று நோக்குதல் அமையும். 'ஊழ் இல்லாமையான் யான் முயன்றிலேன்' என்பான், முயலாமையே தன் போகூழின் அடையாளமென்பதனை அறியாதானாவன்.

பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் முறையும் கருதற்பாலது. 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கணழியாமை. உள்ளத்துக் கிளர்ச்சி முன்னர் வேண்டும். அதனைக் கெடுக்கும் சோம்பல் பின்னர் நீங்கவேண்டும். அதன்பின் இடைவிடாத முயற்சி வேண்டும். முயன்றவழியும் இடுக்கண் வருமாகலின், அதற்கு அழியாத நெஞ்சம் இறுதியில் வேண்டும். வினைவெற்றிக்கு இன்றியமையாதன இந்நான்குமே என்பதனைத் தனியே எடுத்துக் கூறாது, வைப்புமுறையானே உணரவைத்த நயம் அறிந்து இன்புறத்தக்கது.

உயிரின் மூவகை ஆற்றல்

இனி, ஊழே முயற்சியைத் தருமாயின், உயிர்க்கென உரியதொரு செயல் இல்லையாய் முடியுமன்றோ எனின், அற்றன்று. உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றல்கள் இயல்பாகவே உள்ளன. விரும்புதலும், அறிதலும், செய்தலும் அவ்வாற்றல்களின் தொழிலாம். செம்பிற் களிம்புபோல அநாதியே பற்றிய ஆணவமலம் இவற்றை மறைத்து நிற்கின்றது. அம்மறைப்பைச் சிறிதளவு நீக்குதற்பொருட்டு, இறைவன் மாயையினின்றும் தத்துவங்களைத் தோற்றுவித்து உயிர்க்குக் கூட்டுகின்றான். அவற்றுள் கலை என்னுந் தத்துவம் கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் எழுப்புவன. காலம் வினை நிகழ்தற்கும் பயன் விளைதற்கும் எல்லை வகுப்பது. நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுப்பது.

கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் இருளில் அது காணாது, விளக்கொளி வேண்டும். ஒளி வந்தபின்னும் கண்ணை மூடிக்கொண்டிருப்பான் காணமாட்டான். அதுபோல, 'எனக்கு ஆற்றலில்லை' என்பானும் பிழைபடக் கூறினான்; 'எல்லாம் என் ஆற்றலே' என்பானும் பிழைபடக் கூறினான். ஆற்றல் நமதே, அதனை விளக்குவது அவனருள், விளங்கிய ஆற்றலைத் தொழிற்படுத்துவது நம் கடன். மனவுறுதி, அறிவு, உழைப்பு என இக்காலத்தார் பிரித்துப் பேசும் மூன்றும் இவ்விச்சை ஞான கிரியைகளின் வேறல்ல. இவற்றுள் ஒன்று குறையினும் வினை நிரம்பாது.

இச்சையின் திட்பத்திற்குத் தண்டியடிகள் வரலாறு சான்றாகும். திருவாரூரிலே பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர் அவர். திருக்கோயிலின் மேல்பாலுள்ள திருக்குளம் தூர்ந்து குறைந்தமை கண்டு அதனைக் கல்லத் துணிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே சென்று மண் சுமந்து கொட்டினார். பிறர் இகழ்ந்தனர், கருவிகளையும் பறித்தனர். கண்பெற்றபின் தொண்டு செய்வேமென்று அவர் காத்திருந்தாரில்லை. இல்லாததனை எண்ணி இரங்காது, உள்ள கையையும் காலையும் கயிற்றையும் கொண்டு தொடங்கினார். கண்ணொளி பின்னர் வந்தது. கருவியெல்லாம் நிரம்பியபின் வினை தொடங்குவேன் என்று நாட்போக்குவார் அனைவர்க்கும் அக்கயிறு ஒரு பாடமாம்.

ஞானத்தின் இன்றியமையாமைக்கு அணிமைக் காலத்தினின்றும் ஒரு சான்று காட்டுவாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடத்தே திருவாவடுதுறையிற் பாடங்கேட்டுப் பெரும்புலமை எய்திய உ. வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் முனிசீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். ஐயர் தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாகக் கூறியும் முதலியார் உளநிறைவு எய்தினாரில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழநூல்களைக் கற்றதுண்டோ என வினவினார். கல்லூரியிற் பாடஞ்சொல்லும் பதவியிலிருந்த புலவர் ஒருவர்க்கு இவ்வினா சினத்தை விளைத்தல் எளிது. ஐயரோ, கல்லாததனைக் கல்லாததென்றே உணர்ந்து, அதனைக் கற்கத் தொடங்கினார். ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். விளங்காத சமயப் பொருள்களைச் சைனர்களிடத்தே சென்று கேட்டறிந்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சிந்தாமணி அச்சிலே வெளிவந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அதன் வழியே தொடர்ந்தன. 'நமக்குத் தெரியாதது உளது' என்று ஒருநாள் உணர்ந்த உணர்வே அத்துணைக்கும் வித்தாயிற்று. தன்னை நம்புதல் என்பது தன் குறையைக் காணமறுத்தல் அன்று என்பதனை இதனாலறிக.

தோல்வி என்பது யாது?

இனி, இப்பொருளில் யாவரையும் வருத்துவதொரு வினா உண்டு. போட்டித் தேர்வில் இருமுறை தவறிய இளைஞரொருவர், 'ஐயா, தவறியது ஊழாயின் மீண்டும் முயல்வது ஊழோடு பொருதலாகாதோ? ஊழன்றாயின் என்னினும் குறைவாகப் படித்தார் தேறியது எவ்வாறு?' என்று எம்மை வினவினார். அவர் விளையாட்டாக வினவினாரில்லை. வீட்டிலுள்ளார் அவரை நோக்கும் நோக்கும், அயலார் கேட்குங் கேள்வியும் அவர் நெஞ்சை எத்துணைப் புண்படுத்தியிருந்தன என்பது முகத்திலே தெரிந்தது. இத்தகையார்க்குச் சித்தாந்த நூல் கூறும் விடை வெறுந் தேற்றுரையன்று. வினையின் இயல்பையே விளக்குவது.

வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். முற்பிறவிகளில் ஈட்டித் தொகுக்கப்பட்டது சஞ்சிதம். அதனுள் இவ்வுடற்கு நுகர்ச்சியாக வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சிவஞானசித்தியார் கூறுவது பிராரத்த நுகர்ச்சியை நோக்கியாம். அந்நூலே வினைக்கு நெல்லை உவமை காட்டுகின்றது. விளைந்த நெல் இவ்வாண்டின் உணவுமாம், வருமாண்டின் விதையுமாம். உண்பதனோடு ஒழியாமல் விதைப்பதும் நம் கையிலே உள்ளது.

இவ்வுண்மையால் இரண்டு பெறப்படும். நுகரப்பட்ட வினை நுகர்ச்சியாற் கழிந்தது என்பது ஒன்று. உண்ட நெல் மீண்டும் களஞ்சியத்துக்கு வாராதவாறு போல, வந்து கழிந்த இழவு, அடுத்த முயற்சிக்கு முன்னே வந்து குறுக்கே நில்லாது. தோற்றவன் தன் கணக்கிலே ஒரு கடனைத் தீர்த்தவனேயன்றிப் புதிதாகக் கடன்பட்டவனல்லன். அவ்விழவை எவ்வாறு ஏற்றோம் என்பதுவே ஆகாமியமாவது என்பது மற்றொன்று. தேர்ந்தாரைக் கண்டு அழுக்காறுறுதலும், தன்னைத்தான் இகழ்ந்து மடிந்திருத்தலும், தெய்வத்தைப் பழித்தலும் புதிய தீவிதை விதைத்தலாம். பிழை எங்கேயென ஆராய்ந்து மீண்டும் நூலை விரித்தல் நல்விதை விதைத்தலாம்.

குறைவாக உழைத்தார் தேறிய காரணம் யாதெனின், அவர் உண்பது அவர் முன்னை விளைத்த நெல். அவர் களஞ்சியத்தின் அளவை நாம் அறியோம். நம் களஞ்சியத்தின் அளவையும் அறியோம். அறியப்படாத ஒன்றைக் காரணங்காட்டி அறியப்பட்ட கடமையை விடுதல் அறிவுடைமையாகாது. நோய் வினையால் வந்ததெனினும் மருந்துண்பதனை யாரும் விடுகின்றாரல்லர். உண்ணும் ஊழுள்ளானும் கையாலெடுத்து வாயிலிடுதல் வேண்டும். விளையும் ஊழுள்ள நிலமும் உழாதார்க்கு விளைவதில்லை. பயன் வருதற்கு வாயில் ஒன்று வேண்டுமாகலின், அவ்வாயிலாகிய முயற்சியை அடைத்துவிட்டு ஊழைப் பழித்தல் பொருந்தாதென்க.

மீண்டும் எழுதினால் தேறுவது உறுதியென்று யாம் அவ்விளைஞர்க்குக் கூறினோமல்லோம். அங்ஙனம் கூறுதல் எவர்க்கும் இயலாது. வேறொரு தொழிலே அவர்க்கு உரியதாதலும் கூடும். எத்தொழிலாயினும், கழிந்த தோல்வி அவரைக் கட்டிவைக்கும் தளையன்று என்பது மட்டும் ஐயமின்றிக் கூறத்தக்கது.

நம்பிக்கையின் இடம்

சங்கமங்கையிற் பிறந்து காஞ்சியை அடைந்து புத்தநூல் கற்ற சாக்கிய நாயனார், மெய்ப்பொருளை ஆராய்ந்து கண்ட துணிபினைப் பெரியபுராணம் எடுத்துரைக்கின்றது. செய்பவன், செய்யப்படும் வினை, அதன் பயன், அப்பயனைக் கூட்டும் முதல்வன் என நான்கும் வேண்டும் என்பதே அத்துணிபு. வினை சடமாகலின், தன் பயனைத் தானே அளந்து, உரியார்க்கு உரிய காலத்தில் சேர்க்கமாட்டாது. உயிரோ தன் வினையையும் முற்றும் அறியாது. ஆதலின் கூட்டுவிப்பானொருவன் வேண்டும். 'முயற்சியே அமையும்' என்பார் நான்காவதனை மறந்தார். 'எல்லாம் அவனே செய்வான்' என்று கைகட்டியிருப்பார் முதலிரண்டையும் மறந்தார்.

இறைவன்மாட்டு வைக்கும் நம்பிக்கை, வேண்டிய பயனை வாங்குதற்குக் கொடுக்கும் விலையன்று. 'இது தந்தால் அது தருவேன்' என்று கோயிலில் நின்று பேசுதல் வாணிகமாம். நம்பிக்கை செய்வது வேறொன்று. பயனைப்பற்றிய கவலையைக் கொடுப்பானிடத்தே வைத்துவிட்டமையின், செய்வானுடைய நெஞ்சு முழுவதும் செய்வினையிலேயே நிற்கும். கவலையாற் சிதறாத உள்ளமே வலிய உள்ளம். அன்புடையார் தொழில் செப்பமுற அமைதற்குக் காரணம் இதுவேயாம்.

நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையில் முதலிற் படும் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். மீன்வளம் குன்றி, நாளொன்றுக்கு ஒருமீனே கிடைத்த காலத்தும் அதனையே விட்டார். சுற்றத்தார் பசியால் வாடினர், தாமும் வாடினார். வலை வீசுந் தொழிலும் நின்றிலது. விடுதலாகிய அன்பும் நின்றிலது. பின்னர் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒருமீன் அகப்பட்டபொழுதும் அதனையும் விட்டார். வறுமையில் தொழிலை விடாமையும், செல்வம் வந்தபோது கொள்கையை விடாமையும் ஒருங்கே அமைந்த இவ்வுள்ளமே நம்பிக்கையின் முழுவடிவம்.

பயன் பின்னர் விளைதல்

பயன் செய்தார் காலத்திலேயே தோன்றவேண்டுமென்பதும் இல்லை. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்துக்கும் தமிழுக்கும் உழைத்த உழைப்பு யாவரும் அறிந்தது. 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சம்பளம் வந்துகொண்டிருந்த ஆசிரியத் தொழிலைத் துறந்தார். அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849-இல் சென்னைக்குச் சென்றார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டத்தை ஈந்தது. பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் அவ்வுழைப்பால் வெளிவந்தன. 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது.

இங்ஙனம் எடுத்தன பலவும் முடித்த அவர்க்கும் முடியாதுபோன வினையொன்று உண்டு. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமல் ஆங்கிலமும் கற்றல்வேண்டுமென்று 1872-இல் அவர் ஏற்படுத்திய சைவாங்கில வித்தியாசாலை, பொருள்முட்டால் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. அவர் மறைந்தபொழுது அப்பள்ளி இல்லை. அந்நாளில் அதனைத் தோல்வியென்றே கண்டோர் கருதியிருப்பர். ஆயின் 1890-ஆம் ஆண்டளவில், சைவ பரிபாலன சபையார் பேணுதலில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. அவர் கருதிய கருத்தே அதன்கண் உருப்பெற்றது. உண்ணாது வைத்த நெல் விதையாயிற்று. காலமும் நியதியும் பயனை வேறோரிடத்து வேறொருவர் கையால் விளைவித்தன. வினைப்பயனைத் தன் வாழ்நாளென்னும் சிறு நாழியால் அளப்பார் இதனைக் காணமாட்டார்.

வெற்றியின் முடிவு

இறுதியாக ஓர் ஆசங்கை. 'இருவினையொப்பு வந்தாற்குப் பேறும் இழவும் ஒன்றேயாமாகலின், அவன் எதற்கு முயலவேண்டும்? ஆகவே முயற்சியின்மையன்றோ ஞானத்தின் அடையாளம்?' எனின், அது சொற்பொருள் உணராமையால் வந்த மயக்கம். ஒப்பு என்றது பயனின்கண் விருப்பு வெறுப்புச் சமமாதலையே; செயலை ஒழித்தலையன்று. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் மலநீக்கத்துக்குக் கூறும் வழிகள் இறைவனோடு ஏகனாகி நிற்றலும் இறைபணியில் நிற்றலுமாம். பணியிற் குறையாது நிற்க என்றமையால், முத்தியை அணுகினாற்கும் சோம்பல் விதிக்கப்படவில்லை என்பது தெளிவு. நீங்குவது 'யான் செய்தேன்' என்னும் முனைப்பு ஒன்றே.

இம்முனைப்பு இருவேறு உருவங்கொண்டு வரும். வென்றவன்பால் 'யானே வென்றேன்' என்னும் செருக்காக வரும். தோற்றவன்பால் 'யானே கெட்டேன்' என்னும் நெஞ்சழிவாக வரும். இரண்டும் ஆணவத்தின் மக்களே. ஆதலின் வென்றார் தம்மினும் மிக உழைத்தும் பெறாதாரை இகழாமல், தாம் பெற்றதிற் சிறிதளவேனும் அவர்க்கு ஊன்றாகச் செலுத்துக. தோற்றார் மனந்தளராமல் மறுநாளும் தொழிலின்கண் கைவைக்க. பெற்றோர் தம் மக்களைப் பயன்கொண்டு அளவாமல், அவர் உழைத்த உழைப்புக் கொண்டு அளக்க.

காலையில் நீராடித் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை எண்ணியபின் தொழிலைத் தொடங்குவதும், மாலையில் அற்றைநாள் வினையை நல்லதும் அல்லதுமாக அவன் திருவடிக்கே ஒப்புவித்து உறங்கச் செல்வதும் எளிய நெறிகளே. நாள்தோறும் இதனைப் பயில்வார்க்கு இச்சை தூய்தாகும், அறிவு தெளிவுறும், கை தளராது. செய்வது நம் கடன். கூட்டுவது அவன் அருள். இவ்விரண்டையும் தம்முள் மயங்கவிடாமல் வாழ்வாரே, உலகம் எவ்வாறு கணக்கிடினும், வாழ்விலே வென்றவராவர்.

திருச்சிற்றம்பலம்.